இளக்காரம்: கொடுத்தவர் மேல் பழி போடும் சொல்

"உனக்கு நான் இளக்காரமாகப் போய்விட்டேனா?" என்ற கேள்வியைக் கேட்டிராத தமிழ் வீடு இருக்க முடியாது. தாய் பிள்ளையிடம் கேட்பாள். மனைவி கணவனிடம் கேட்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தந்தை, சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட மகனிடம் கேட்பார். அலுவலகத்தில் நெடுங்காலம் உழைத்தவர், அண்மையில் வந்து சேர்ந்த மேலாளரிடம் கேட்க முடியாமல் மனத்துக்குள்ளேயே கேட்டுக்கொள்வார். பேச்சில் அது "எளக்காரமாப் போச்சா?" என்று சுருங்கி ஒலிக்கும். பிறரைச் சிறுமைப்படுத்துவதைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை என்றாலும், இந்த ஒரு சொல்லைப் போல மனித உறவின் உட்பகுதியைத் திறந்து காட்டும் சொல் வேறில்லை என்பது என் எண்ணம்.

அந்தக் கேள்வியின் அமைப்பையே முதலில் பார்க்கலாம். "உனக்கு" என்று அது தொடங்குகிறது. நான் இளக்காரமானவன் என்று அங்கே சொல்லப்படவில்லை. உனக்கு நான் அப்படித் தோன்றுகிறேன் என்றுதான் சொல்லப்படுகிறது. மற்றவர்களுக்கு நான் அப்படி இல்லாமல் இருக்கலாம். அடுத்ததாக, "போய்விட்டேனா" என்ற துணைவினை. முன்பு அப்படி இருக்கவில்லை, இடையில் ஏதோ நடந்திருக்கிறது, ஒரு மதிப்பு இறங்கியிருக்கிறது என்ற வருத்தம் முழுவதும் அந்த "போய்" என்பதில் தங்கியிருக்கிறது. முன்பின் அறியாத ஒருவர் தெருவில் நம்மைத் திட்டினால் இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. ஒருகாலத்தில் நம்மை மதித்தவரிடம், அல்லது மதிக்க வேண்டிய கடமை உள்ளவரிடம் மட்டுமே கேட்கிறோம்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். "நான் அவனைக் கிண்டல் செய்தேன்" என்று சொல்பவர்கள் உண்டு. "நன்றாகக் கலாய்த்தேன்" என்று பெருமையோடு சொல்பவர்கள் உண்டு. "நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தி அனுப்பினேன்" என்று மார்தட்டுபவர்களும் உண்டு. ஆனால் "நான் அவரை இளக்காரமாகப் பார்க்கிறேன்" என்று எவரும் தம்மைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. இலக்கணம் அந்த வாக்கியத்தைத் தடுக்கவில்லை. ஆயினும் அது யார் வாயிலும் வருவதில்லை. இளக்காரம் என்பது பட்டவர் சொல்லும் சொல், அல்லது அருகில் நின்று பார்த்தவர் சொல்லும் சொல். செய்கிறவருக்கு, தாம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம் என்ற உணர்வே பெரும்பாலும் இருப்பதில்லை. எதிரில் இருப்பவரின் இயல்பான அளவே அவ்வளவுதான் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். சண்டையிலும் வசையிலும் குறைந்தது ஒரு முயற்சி இருக்கிறது. இளக்காரத்தில் அந்த முயற்சிகூட இல்லாததால்தான் அது அவ்வளவு ஆழமாகத் தைக்கிறது.

இளகு, இளக்கு, இளக்கம் ஆகியவற்றோடு சேர்ந்த சொல் இது. அதனால் இதற்கு அவமதிப்பு என்ற பொருளோடு, இடங்கொடுத்தல், கண்டிப்பைத் தளர்த்துதல் என்ற பொருளும் வழக்கில் இருக்கிறது. "இளக்காரம் கொடுத்தால் தலைமேல் ஏறிவிடுவான்" என்னும்போது முன்னால் நிற்பது இந்த இரண்டாம் பொருள். "இளக்காரமாகப் பேசினான்" என்னும்போது முதற்பொருள். கொடுப்பதும் இளக்காரம், அதைப் பெற்றுக்கொண்டவர் திருப்பித் தருவதும் இளக்காரம் என்று ஒரே சொல் இரு திசையிலும் ஓடுவது எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருந்துவருகிறது. ஒருவர் மனம் இளகி நடந்துகொள்கிறார். மற்றவர் அந்த இளக்கத்தையே காரணமாக வைத்து அவரைத் தாழ்வாக எண்ணுகிறார். மொழியோ இரண்டையும் ஒரே பெயரிட்டு, முதலாமவர் செய்ததன் இயல்பான விளைவுதான் இரண்டாமது என்பது போல ஆக்கிவிடுகிறது. பிறகு, "யார் கொடுத்த இளக்காரம்? நீ கொடுத்ததுதானே?" என்று அடிபட்டவரிடமே விசாரணை தொடங்கிவிடுகிறது.

பழமொழிகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. "இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான்" என்ற பழமொழியில் இளகுதல் என்ற வினையே நேராக வந்து நிற்கிறது. அது கொல்லனைக் குறை சொல்லவில்லை. இரும்புக்கு எச்சரிக்கை சொல்கிறது. "ஏழை என்றால் மோழையும் பாயும்" என்பதும் அப்படித்தான். மோழை என்பது கொம்பில்லாத மாடு. முட்டுவதற்குக் கருவியே இல்லாத மாடுகூட ஏழையைக் கண்டால் பாயும் என்று உலக நடப்பைச் சொல்லிவிட்டு அந்தப் பழமொழி நின்றுவிடுகிறது. "குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன், குனியக் குனியக் குட்டுகிறவனும் மடையன்" என்பது ஒன்றுதான் இரு தரப்பையும் சமமாகக் கண்டிக்கிறது. அதிலும் முதல் வசை குனிகிறவனுக்கே கிடைக்கிறது. நடப்பைச் சொல்வது பழமொழியின் வேலை, நியாயத்தைச் சொல்வது அதன் வேலையன்று என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் வீட்டில் பிள்ளைகள் நியாயத்தைக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இத்தகைய சொற்களிலிருந்துதான் என்பதால், அந்த வாதத்தை என்னால் முழுமையாக ஏற்க முடிவதில்லை.

இளக்காரத்தின் உறவுச் சொற்கள் பல. இளப்பம் அவற்றுள் மிக நெருக்கமானது. "அந்த வேலையை இளப்பமாக நினைக்காதே" என்று செயலையும் பொருளையும் பற்றிச் சொல்ல அது எளிதாக வருகிறது. இளக்காரமோ பெரும்பாலும் மனிதரையே நாடிப் போகிறது. நக்கல், நையாண்டி, எகத்தாளம் ஆகியவை பேச்சின் தொனியைக் குறிப்பவை. அவற்றில் சொல்திறமைக்கும் இடமுண்டு. எகத்தாளம் பேசுகிறவர் எதிரே இருப்பவரைத் தம்மைவிட எளியவர் என்று கருத வேண்டிய கட்டாயமும் இல்லை. மேலதிகாரியிடம் எகத்தாளம் பேசிவிட்டு வேலையை இழந்தவர்கள் உண்டு. இளக்காரம் மேல்நோக்கிப் போவதில்லை. ஒருவர் தமக்கு மேலே இருப்பவரை வெறுக்கலாம், பழிக்கலாம், கேலி செய்யலாம். அவரை இளக்காரமாகப் பார்க்க வேண்டுமென்றால், அதற்கு முன் மனத்தளவிலாவது அவரைத் தமக்குக் கீழே இறக்கி வைத்தாக வேண்டும்.

கேலிக்கும் இளக்காரத்துக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. நண்பர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வதில் அன்பு இருக்கிறது, ஏனென்றால் அங்கே முறை மாறி மாறி வருகிறது. இன்று கேலி செய்தவர் நாளை கேலிக்கு உள்ளாவார். அந்த முறை ஒருபோதும் மாறாமல் ஒரே ஆள் தொடர்ந்து கேலிக்கு உள்ளாகும் கூட்டத்தில், கேலி என்ற பெயரில் நடப்பது இளக்காரமே. அதைச் சுட்டிக் காட்டினால், "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்கிறாயே" என்ற பதில் தயாராக இருக்கும். திருவள்ளுவர் இந்தப் பதிலை முன்கூட்டியே கேட்டிருக்கிறார் போலும். "நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி" என்று பண்புடைமை அதிகாரத்தில், 995ஆம் குறளில் சொல்கிறார். விளையாட்டுக்குச் செய்தாலும் இகழ்ச்சி துன்பமே. பகைவரிடத்திலும் நல்ல பண்போடு நடந்துகொள்வதே பிறர் இயல்பை அறிந்து ஒழுகுவோரின் வழி என்று அந்தக் குறள் முடிகிறது. நகையில்கூட இகழ்ச்சி கூடாது, பகையில்கூடப் பண்பு வேண்டும் என்று இரண்டு "உள்ளும்" களை எதிரெதிரே நிறுத்தியிருக்கும் அழகைத் தனியாக வியக்கலாம்.

உள்ளத்து உணர்ச்சிகள் வெளியே தோன்றும் விதத்தைப் பேசும், தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதை இன்னும் நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறது. "எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப" என்னும் நூற்பா, நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலையே முதலில் வைக்கிறது. எள்ளல் என்பது தான் பிறரை எள்ளி நகுவதாகவும் இருக்கலாம், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதாகவும் இருக்கலாம் என்று பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர் விளக்குகிறார். இரண்டாவது வகையை எண்ணிப் பாருங்கள். பலர் நடுவே ஒருவரைச் சிறுமையாகப் பேசும்போது அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காவிட்டால் இன்னும் சிறுமையாகிவிடும் என்பதால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கும் இலக்கணம் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதே மெய்ப்பாட்டியலில் இளிவரல் என்றொரு மெய்ப்பாடு வருகிறது. தான் தாழ்ந்துபோனதாக உணரும் கூச்சமும் வெறுப்பும் கலந்த நிலை அது. அது எவற்றால் பிறக்கும் என்று கேட்டால், "மூப்பே பிணியே வருத்தம் மென்மையொடு" என்று நான்கைத் தொல்காப்பியர் சொல்கிறார். இந்த நான்கில் ஒன்றுகூடக் குற்றமன்று. முதுமை குற்றமா? நோய் குற்றமா? வருத்தமும் மென்மையும் குற்றமா? எவர் மீதும் தவறில்லாத நிலைகளிலிருந்துதான் மனிதர்கள் தம்மை இழிவாக உணர்கிறார்கள் என்பதை அந்த நூற்பா கண்டுகொண்டிருக்கிறது. இன்று நம்மைச் சுற்றி இளக்காரத்துக்கு ஆளாகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால், அதே நான்கு வாசல்கள் வழியாகத்தான் அது உள்ளே வருகிறது. காது மந்தமானவரிடம் ஒரே செய்தியை இரண்டாம் முறை சொல்லும்போது நம் குரலில் ஏறும் எரிச்சல், கடனில் இருப்பவர் கருத்துச் சொல்ல வாயெடுக்கும்போது மற்றவர்கள் பரிமாறிக்கொள்ளும் பார்வை, கோபப்படத் தெரியாதவரின் தலையில் மட்டும் போய்ச் சேரும் கூடுதல் வேலை ஆகியவையெல்லாம் மூப்பும் வருத்தமும் மென்மையும் தரும் விலைகள்.

சங்கப் பாடல்களில் சிறுமைப்படுத்துவதற்கு ஒரு நேரான பெயர் இருக்கிறது: சிறுசொல். புறநானூற்றின் 72ஆம் பாடல், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியது. இளம் வயதில் அரியணை ஏறிய அவனைப் பற்றிப் பகை வேந்தர்கள் பேசியதை அவனே எடுத்துச் சொல்கிறான். "இளையன் இவன் என உளையக் கூறி" என்கிறான். உளைய என்றால் மனம் நோக. தங்களிடம் மணி ஒலிக்கும் பெரிய யானைகளும் தேர்களும் குதிரைகளும் மறவர்களும் உண்டு என்று அவர்கள் பெருமை பேசினார்களாம். அப்படிச் "சிறுசொல் சொல்லிய" வேந்தர்களைச் சிதறடிக்காவிட்டால் இன்னின்ன இழிவுகள் தனக்கு வரட்டும் என்று வஞ்சினம் உரைக்கிறான். என் நிழலில் வாழும் குடிகள் எங்கள் அரசன் கொடியவன் என்று கண்ணீர் வடித்துப் பழி தூற்றட்டும். மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும். இரவலர்க்கு ஈய இயலாத வறுமை என்னைச் சேரட்டும் என்று அது வளர்கிறது.

இந்தப் பாட்டில் என்னை நிறுத்தி வைப்பது வஞ்சினத்தைவிட அந்தப் பகைவர்களின் பேச்சு. அவர்கள் அவனைத் திட்டவில்லை. கோழை என்றோ தீயவன் என்றோ சொல்லவில்லை. அவன் இளையவன் என்றார்கள், அது உண்மை. தங்களிடம் யானை இருக்கிறது என்றார்கள்; அதுவும் உண்மையாகவே இருந்திருக்கும். ஓர் உண்மையையும் இன்னோர் உண்மையையும் அருகருகே வைத்ததில் சிறுசொல் பிறந்துவிட்டது. இளக்காரத்தின் இயக்கம் முழுவதும் இதுதான். பொய் சொல்ல வேண்டிய தேவையே அதற்கு இல்லை. என்னிடம் இருப்பவற்றின் பட்டியலை நீட்டி, உன்னிடம் இல்லாத ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தால் போதும். "அவர் தமிழ் வழியில் படித்தவர்" என்பது ஒரு செய்தி மட்டுமே. எங்கே, யார் முன்னிலையில், எதைச் சொன்ன பிறகு அது சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து அதுவே சிறுசொல்லாகிவிடும்.

உண்மையைக் கொண்டே சிறுமைப்படுத்த வேண்டியிருப்பதால், அந்த வேலையைப் பெயர்ச்சொற்களைவிட இடைச்சொற்களே அதிகம் செய்கின்றன. எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகள் பிறரிடம் வேலை பார்த்த ஓர் இளைஞன், சொந்தமாகக் கடை தொடங்கப் போவதாக உறவினர்கள் கூடியிருந்த இடத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னான். பெரியவர் ஒருவர் மற்றவர்களைப் பார்த்து, "இவரு கடை கிடை வைக்கப் போறாராம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அந்த ஐந்து சொற்களில் வசை எங்கே இருக்கிறது? தேடினால் ஒரு வசைச்சொல்கூட அகப்படாது. "டா" போட்டே அழைக்கும் பிள்ளையை அன்று "இவரு" என்றார். மரியாதைப் பன்மை, கொடுக்கக் கூடாத இடத்தில் கொடுக்கப்படும்போது, உனக்கும் இதற்கும் பொருத்தமில்லை என்று அறிவிக்கும் கருவியாகிவிடுகிறது. "துரை எழுந்துவிட்டாரா", "மகாராணி வந்தாச்சா" என்பவையும் இதே வகை. அடுத்தது "கடை கிடை". ஒரு சொல்லின் முதலெழுத்தை "கி" ஆக்கித் திருப்பிச் சொல்லும் எதிரொலிச் சொல், சாதாரணமாக "அதுவும் அது போன்றவையும்" என்ற பொருளைத் தரும். புத்தகம் கித்தகம் என்று அன்றாடம் பேசுவதில் தவறேதும் இல்லை. ஆனால் ஒருவன் இரவெல்லாம் கணக்குப் போட்டுத் திட்டமிட்ட ஒரே ஒரு கடையை "கடை கிடை" என்றால், அது குறிப்பிட்ட உருவத்தை இழந்து ஏதோ ஒன்றாகக் கலங்கிவிடுகிறது. கடைசியாக "ஆம்". பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் விகுதி அது. அவனோ எதிரிலேயே நின்றிருந்தான். அப்போதுதான் தன் வாயால் சொன்னான். எதிரில் நிற்பவனின் சொல்லை வதந்தி போல எடுத்துரைத்ததில், அவன் அங்கிருந்து அகற்றப்பட்டுவிட்டான். அவன் சொன்னது நம்பத்தக்கதன்று என்பதும் சேர்ந்துகொண்டது. பெரியவரிடம் யாராவது கேட்டிருந்தால், "நான் என்ன தப்பாகச் சொன்னேன்?" என்றுதான் வியந்திருப்பார். அவரைப் பொறுத்தவரை அந்த வியப்பு பொய்யாக இருந்திருக்காது.

"எல்லாம்" என்ற சொல்லும் இவ்வாறே. அனைத்தையும் அணைத்துக்கொள்ளும் அந்தச் சொல், "நீயெல்லாம்", "இவனெல்லாம்" என்று ஒரு தனிமனிதரோடு ஒட்டியதும், அவரைத் தூக்கிப் பெயரில்லாத ஒரு கும்பலுக்குள் எறிந்துவிடுகிறது. "தானே" ஒருவரைச் சுருக்குகிறது: "தொடக்கப் பள்ளி ஆசிரியர்தானே." "போயும் போயும்" என்ற தொடருக்கு, தொலைவெல்லாம் தேடி அலைந்தும் கடைசியில் உன்னிடமா வந்து சேர்ந்தோம் என்ற சலிப்பு பொருளாகிறது. "வெறும்", "ஆஃப்டர் ஆல்" போன்றவற்றை விரிக்க வேண்டியதில்லை. "கேவலம்" என்ற சொல்லின் கதை மட்டும் சொல்லத் தக்கது. வடமொழியில் அது தனிமை, மட்டும், கலப்பற்றது என்ற பொருள்களைக் கொண்டது. சமணர்கள் முற்றறிவைக் கேவலஞானம் என்று போற்றினார்கள். "கேவலம் ஒரு எழுத்தர்" என்னும்போது "எழுத்தர் மட்டுமே" என்ற பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. "மட்டுமே" என்பதிலிருந்து "இழிந்தது" என்பதற்கு ஒரு சொல் எவ்வளவு இயல்பாக இறங்கிவிட்டது என்று பார்த்தால், மனிதரை ஒற்றைத் தகுதிக்குள் அடைப்பதே அவரை இழிப்பதற்குப் போதுமானது என்பது புலனாகும்.

இவை எல்லாவற்றிலும் கொடியது "அது" என்பதே என் கருத்து. மனிதரை உயர்திணையாகவும் மற்றவற்றை அஃறிணையாகவும் பகுப்பது தமிழ் இலக்கணத்தின் அடிப்படை. ஆனால் அந்தப் பகுப்பை மீற இடமுண்டு என்று நன்னூல் சொல்கிறது: "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே." மகிழ்ச்சியிலும் உயர்த்திச் சொல்வதிலும் சிறப்பித்துச் சொல்வதிலும் சினத்திலும் இழித்துரைப்பதிலும் பாலும் திணையும் மாறி வரலாம்; அது வழுவாகாது. பசுவைத் தாய் என்பதும் குழந்தையைக் கண்மணி என்பதும் எந்த விதியால் செல்லுமோ, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை "அது இன்னும் வரலையா?" என்று கேட்பதும் அதே விதியால் செல்லும். நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் இங்கே மக்கள் பேசுவதைப் பதிவு செய்தாரேயன்றி அதற்கு ஒப்புதல் தரவில்லை. ஆயினும், இழிப்பு என்ற உணர்ச்சி ஒருவரின் திணையையே மாற்றிவிடும் வலிமை உடையது என்று ஓர் இலக்கண நூல் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருப்பதை, ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சற்றே நின்றுதான் கடக்கிறேன்.

சொல்லே இல்லாமலும் இது நடக்கிறது. "இளக்காரமாக" என்ற சொல் பேச்சோடு மட்டுமன்றிப் பார்ப்பது, சிரிப்பது, கொடுப்பது, அழைப்பது என எல்லா வினைகளோடும் சேர்வதற்குக் காரணம் அதுவே. ஒருமுறை ஓர் அலுவலகக் கவுண்டரில் எனக்கு முன்னால் ஒரு பாட்டியும் அவருடைய பேத்தியும் நின்றிருந்தார்கள். ஊழியர் படிவத்தைப் புரட்டியபடி பேத்தியிடம், "பாட்டிக்குக் கையெழுத்து வருமா, ரேகையா?" என்று கேட்டார். "எனக்கு வரும்" என்று பாட்டிதான் பதில் சொன்னார். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மைப்பெட்டியைத் திறந்து முன்னால் தள்ளினார். பாட்டி அதைத் தொடாமல் பேனாவைக் கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டி முழுப் பெயரையும் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், மறுபடியும் குனிந்து, விட்டுப்போன ஒரு புள்ளியை மெய்யெழுத்தின் தலையில் வைத்தார். "சீக்கிரம்மா, பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்று ஊழியர் சொன்னது பாட்டியிடமா பேத்தியிடமா என்று தெரியவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. புகார் எழுத வேண்டுமென்றாலும் எழுதுவதற்கு ஒரு வாக்கியம் கிடைக்காது.

பெருஞ்சித்திரனார் என்னும் புலவருக்கு எழுத ஒரு வாக்கியம் கிடைத்தது. மலையும் குன்றும் கடந்து அதியமானிடம் பரிசில் வேண்டி வந்தவரை, அவன் நேரில் காணாமலேயே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புறநானூற்றின் 208ஆம் பாடலில் அவர் அதை ஏற்க மறுக்கிறார். "காணாது ஈத்த இப்பொருட்கு யான் ஓர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்கிறார். தகுதியறிந்து பேணிக் கொடுத்தால் தினையளவு என்றாலும் இனிது என்கிறார். கொடுத்த பொருள் குறைவானது என்பது அவர் குறையன்று. பார்க்காமல் கொடுத்ததே குறை. வறுமையில் வாடிய புலவர் ஒருவர், கைக்கு வந்த பொருளை இந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பியிருக்கிறார் என்றால், பார்க்கப்படுதல் என்பது எவ்வளவு பெரிய தேவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கவுண்டரில் நின்ற பாட்டிக்கும் வேண்டியிருந்தது அதுதான்.

தன்னைத் தானே தாழ்த்திச் சொல்லும் மரபு தமிழில் வளமானது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு" என்று மாணிக்கவாசகர் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட நினைத்த பூனையாகக் கம்பர் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். அவையடக்கம் என்று அதற்குப் பெயர் கொடுத்து இலக்கணமாகவே ஆக்கியிருக்கிறோம். இதைப் பார்த்துவிட்டு, தாழ்வுரை நமக்குப் பழகியதுதானே என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தாழ்வை ஒருவர் தாமே எடுத்துக்கொள்ளலாம். இன்னொருவர் அவர்மேல் போட முடியாது. "சிறியேன் ஏதோ எழுதியிருக்கிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது அவையிலிருந்து ஒரு குரல், "ஆமாம், நீங்கள் சிறியவர்தான்" என்று எழுந்தால், சொன்னது அதே சொல் என்றாலும் அடக்கம் அந்த நொடியிலேயே அவமதிப்பாகிவிடுகிறது.

விமர்சனத்தையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குறையைச் சுட்டுவது இளக்காரம் அன்று. சொல்லப்போனால் அதற்கு நேர் எதிரானது. ஒரு கட்டுரையை வரிவரியாகப் படித்து, இந்த இடத்தில் வாதம் நிற்கவில்லை, இந்தச் சான்று பொருந்தவில்லை என்று கடுமையாக எழுதுகிறவர், அந்தக் கட்டுரைக்குத் தம் நேரத்தைக் கொடுத்திருக்கிறார். இன்னும் நன்றாகச் செய்யக்கூடியவர் என்று எழுதியவரைக் கருதியிருக்கிறார். படிக்காமலேயே "நன்றாக முயன்றிருக்கிறீர்கள்" என்று முதுகில் தட்டுகிறவரிடம்தான் இளக்காரம் இருக்கிறது. கண்டிப்பான ஆசிரியரிடம் படித்தவர்கள் பிற்காலத்தில் அவரை அன்போடு நினைவுகூர்வதும், "இவனுக்கு இது போதும்" என்று எளிய கணக்குகளையே கொடுத்தவரை மன்னிக்க முடியாமல் இருப்பதும் இதனால்தான்.

"உருவுகண்டு எள்ளாமை வேண்டும்" என்று தொடங்கும் 667ஆம் குறளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். உருளும் பெருந்தேருக்கு அச்சாணி போன்றவர்கள் உலகில் இருக்கிறார்கள், ஆகவே உருவத்தைக் கண்டு இகழாதே என்பது அதன் கருத்து. அந்தக் குறளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வினைத்திட்பம் அதிகாரத்தில் வரும் அது, எள்ளாமைக்குப் பயன்பாட்டைக் காரணமாகக் காட்டுகிறது. சிறியவர் பயன்படுவார், அதனால் இகழாதே. பயனே இல்லாத ஒருவரை என்ன செய்வது? அதற்கான விடை அருளுடைமையில் இருக்கிறது: "வலியார்முன் தன்னை நினைக்க தான்தன்னின் மெலியார்மேல் செல்லும் இடத்து" என்ற 250ஆம் குறள். உன்னைவிட மெலிந்தவர்மேல் பாயும்போது, உன்னைவிட வலியவர் முன்னால் நீ நின்ற நிலையை நினைத்துக்கொள் என்கிறார். எதிரில் இருப்பவரின் தகுதியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பாய்கிறவரின் நினைவைத்தான் அவர் தட்டியெழுப்புகிறார். இளக்காரத்துக்கு மருந்து என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், மெலியவரை வலியவராகும்படி அறிவுறுத்தும் பழமொழிகளைவிட இந்தக் குறளையே நான் சொல்வேன்.

ஏனென்றால் அந்த அறிவுரையின் விளைவுகளை நாள்தோறும் பார்க்கிறோம். புதிதாக வேலைக்குச் சேரும் இளம் ஆசிரியருக்கு மூத்தவர்கள் முதல் நாளே சொல்லிவைப்பார்கள்: "சிரித்துப் பேசிவிடாதே, பிள்ளைகளுக்கு இளக்காரமாகிவிடும்." புதிய அதிகாரிக்கும் இதே சொல், புது மருமகளைப் பற்றி மாமியாருக்கும், மாமியாரைப் பற்றி மருமகளுக்கும் இதே சொல். சிரிக்கத் தெரிந்த மனிதர்கள், இளக்காரம் என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி முகத்தை இறுக்கிக்கொள்கிறார்கள். அந்த இறுக்கத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகள், சிரிக்கிறவர் என்றால் பலவீனமானவர் என்று பாடம் கற்கிறார்கள். பிறகு அவர்கள் சிரிக்கிற ஒருவரைப் பார்க்கும்போது என்ன செய்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"இளக்காரம் கொடுக்காதே" என்பதற்குப் பதிலாக நம் வழக்கிலேயே இன்னொரு வாக்கியம் இருக்கிறது: "இளக்காரமாக எடுத்துக்கொள்ளாதே." வினை கொடு என்பதிலிருந்து எடு என்பதற்கு மாறியதும் பொறுப்பும் இடம் மாறிவிடுகிறது. பொறுமையாக இருந்தவர் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிடுகிறார். அந்தப் பொறுமையைத் தவறாகப் படித்தவர் பதில் சொல்ல வேண்டியவராகிறார். என் வீட்டுப் பிள்ளைகளிடம் நான் இந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறேன். "நான் என்ன சொன்னேன்?" என்று அவர்கள் உண்மையான வியப்போடு கேட்கிறார்கள். அப்போது உட்கார்ந்து, அவர்கள் சொன்ன வாக்கியத்தையே எடுத்து, இந்த இடத்தில் "எல்லாம்" என்றாய், இங்கே "ஆம்" சேர்த்தாய், இந்த ஆளை "அது" என்றாய் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.